கண்ணுள் வினை



ஓவியரைக் குறிக்கப் பண்டைத் தமிழ் வழங்கிய பெயர்களுள் ஒன்று 'கண்ணுள் வினைஞர்' என்பது. மதுரைக்காஞ்சியில் இது வருகிறது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலும் வருகிறது. பார்ப்பவர் கண்ணிலே தம் தொழிலை நிறுத்துபவர் என்று உரை மரபு இதற்குப் பொருள் சொல்லும். மாங்குடி மருதனார் இவ்வினைஞரைக் கூறும் இடத்தில் அவர்தம் கைத்திறத்தைப் புகழவில்லை என்பது நோக்கத்தக்கது. நுண்ணிதாக உணர்ந்து உள்ளே நுழையும் பார்வையையே அவர்க்கு அடையாகத் தருகிறார். அவர்கள் செய்யும் தொழிலுக்கு அவர் இடும் பெயர் உவமம் காட்டுதல் என்பதாகும். ஓவியத்தின் ஒப்புமைக்கும் கவிதையின் ஒப்புமைக்கும் ஒரே சொல். கவிஞர்கள் கூடிய அவையில் ஓவியப் பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

'எனக்குப் படம் வரைய வராது. கை வளையாது' என்று சொல்லாதார் அரியர். பழி கையின்மேல் விழுகிறது. ஆயின் அதே கை மணிமணியாய்க் கையெழுத்து எழுதுகிறது. ஊசியில் நூல் கோக்கிறது. வாசலில் புள்ளி பிசகாமல் சிக்குக் கோலம் இடுகிறது. இத்தனை நுட்பம் அறிந்த கை, மேசைமேல் இருக்கும் ஓர் எவர்சில்வர் டம்ளரை வரையச் சொன்னால் மட்டும் தடுமாறுவானேன்? 1997ஆம் ஆண்டு தேல் கோகன், சூசன் பென்னட் என்னும் உளவியலார் இருவர் இக்கேள்வியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். வரையத் தெரியாதவர் கையிலும் ஒரு நிழற்படத்தைக் கொடுத்து, அதன்மேல் தாள் வைத்துக் கோடு இழுக்கச் சொன்னால் நன்றாகவே இழுக்கின்றனர். எனவே பிழை கையினது அன்று. எதிரே உள்ள பொருளைத் தவறாகக் காண்பதே தவறாக வரைவதற்குத் தலையாய காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு.

தவறாகக் காணுதல் என்றால் கண்பார்வைக் குறை அன்று. அறிவின் மிகுதியே குறையாய் வந்து நிற்பது. டம்ளரின் வாய் வட்டம் என்பது அறிவு. சற்று விலகி அமர்ந்து நோக்குங்கால் கண்ணுக்குள் விழும் உருவமோ வட்டம் அன்று. அமுங்கிய முட்டை வடிவம். பழகாதவர் இவ்விரண்டிற்கும் நடுவே ஒன்றை வரைகிறார். கண் கண்டதைவிட அகன்றதாய், அறிவு சொன்னதைவிடக் குறுகியதாய். 1931இல் ராபர்ட் தவுலஸ் என்பவர் இதனை அளந்தே காட்டினார். சாய்த்து வைத்த வட்டத் தகட்டைப் பார்ப்பவர், தம் கண்ணில் விழும் வடிவத்தை விடாமல் வட்டத்தின் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. டம்ளரின் அடிப்பகுதி மேசைமேல் சமமாக அமர்ந்திருக்கிறது என்ற அறிவு, அடியை நேர்கோடாக்கி விடுகிறது. மேலே வட்டம், கீழே நேர்கோடு: எந்தத் தொடக்கப் பள்ளிக்குச் சென்றாலும் இப்படத்தைக் காணலாம். குழந்தை தான் காண்பதை வரைவதில்லை, அறிந்ததை வரைகிறது என்று பிரெஞ்சு அறிஞர் லூக்கே எழுதியது பலரும் அறிந்ததே. பெரியவர்கள் அதே பழக்கத்தைச் சற்று நாகரிகமாகச் செய்கின்றனர் என்பதே வேறுபாடு.

முகத்திற்கு வருவோம். மனிதத் தலையில் கண்கள் எங்கே உள்ளன? உச்சிக்கும் முகவாய்க்கும் நேர் நடுவில். இதனை அளந்து பார்த்தாலன்றி எவரும் ஒப்புவதில்லை. வரையப் பழகாதவர் கண்ணை எப்போதும் மேலே ஏற்றிவிடுவார்; நெற்றியும் மண்டையும் அவர்க்குப் பேச்சில்லாத வெற்றிடம். கண்ணும் மூக்கும் வாயும் பேசுவன. ஆகவே அவற்றுக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. கலை வரலாற்றறிஞர் கோம்பிரிச் 1960இல் வெளியிட்ட நூலில் இன்னும் எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறார். குளியலறைக் கண்ணாடியில் நீராவி படிந்திருக்கும்போது, அதில் தெரியும் தம் முகத்தின் விளிம்பை விரலால் சுற்றி வரையவேண்டும். பின்பு வட்டத்தின் உள்ளே துடைத்துப் பார்த்தால் அது உண்மை முகத்தின் அளவில் பாதியே இருக்கும். கண்ணாடி, முகத்திற்கும் பிம்பத்திற்கும் சரிநடுவே நிற்பதால் எவ்வளவு விலகி நின்றாலும் பாதியேதான். நாள்தோறும் காலையில் பார்க்கும் முகம்! அதன் அளவைக்கூட ஒருவர் வாழ்நாள் முழுவதும் காணாமலே இருந்துவிடலாம்.

இந்தத் திரையை விலக்கும் வழிகளை மேனாட்டு ஓவியர் பலவாறு தேடினர். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1525இல் வெளியிட்ட அளவை நூலில், நூலும் சட்டமும் கொண்டு பொருளின் தோற்றத்தைப் புள்ளி புள்ளியாகத் தாளுக்குக் கொணரும் கருவிகளைப் படமிட்டுக் காட்டினார். வான்கோ 1882இல் ஹேக் நகரில் இருந்தபோது கொல்லரையும் தச்சரையும் கொண்டு அத்தகைய சட்டம் ஒன்றைச் செய்வித்து, கடற்கரை மணலில் ஊன்றி, அதன் வழியே பார்த்து வரைந்தார். ஆனால் கருவி கையில் இல்லாதபோதும் காணப் பழக்குவது எப்படி என்று கேட்டவர் ஜான் ரஸ்கின்.

ரஸ்கின் 1854 முதல் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் உழைப்பாளர்களுக்கு மாலை வேளைகளில் ஓவியம் கற்பித்தார். அந்த அனுபவத்தின் விளைவாக 1857இல் வந்தது அவருடைய ஓவியத் தொடக்க நூல். தம் மாணவர்களை ஓவியராக்குவது அவர் நோக்கமன்று. காணத் தெரிந்தவராக்குவதே நோக்கம். தெருவில் கிடக்கும் உருண்டைக் கல் ஒன்றை எடுத்துவந்து வரையச் சொல்வார். அக்கல்லைச் சரியாக வரைய முடிந்தவர் எதையும் வரைவார் என்பது அவர் துணிபு. நிறத்திற்கு அவர் சொன்ன வழி இன்னும் சுவையானது. வெள்ளை அட்டையில் பட்டாணி அளவு ஒரு துளை இடவேண்டும். அத்துளையின் வழியே புல்வெளியைப் பார்க்கவேண்டும். 'புல் பச்சை' என்று உலகமே சொல்கிறது. துளைக்குள் தெரிவதோ, வெயில் படும் இடத்தில் தூசு படிந்த மஞ்சள். துளை புல்லை மறைத்துவிடுகிறது. நிறம் மட்டும் எஞ்சுகிறது. பிறவிக் குருடர் திடீரெனப் பார்வை பெற்றால் காணும் வண்ணத் திட்டுகளைப் போலப் பொருள் தெரியாமல் நிறம் மட்டும் காணும் நிலையைக் 'கண்ணின் வெகுளித்தனம்' என்று அவர் கருதினார். வெகுளி என்பது இங்கே சினம் அன்று, கள்ளமின்மை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழி இன்னும் துணிவாகச் சென்றது. நியூயார்க்கில் ஓவியம் கற்பித்த கிமோன் நிக்கலாய்டிஸ், மறைவுக்குப் பின் 1941இல் வெளிவந்த தம் நூலில், தாளைப் பார்க்கவே கூடாது என்றார். கண் உருவத்தின் விளிம்பில் ஊர்ந்து செல்லவேண்டும். பென்சில் முனை தாளில் அன்றி அவ்விளிம்பிலேயே தொட்டு நகர்வதாக எண்ணவேண்டும். கண் நகரும் வேகத்திற்குமேல் கை நகரக்கூடாது. இவ்வாறு வரைந்த படம் பார்க்க அலங்கோலமாகவே இருக்கும். அதனால் என்ன? கண் நடந்த தடம் அது.

கலிபோர்னியாவில் ஓவிய ஆசிரியராக இருந்த பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய நூல் இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. அதிலுள்ள ஒரு பயிற்சி இவ்வுரையின் நடு நாடி எனலாம். இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கியைப் பிக்காசோ 1920இல் கோடுகளால் வரைந்த உருவப்படம் ஒன்று உண்டு: நாற்காலியில் அமர்ந்த மனிதர், கோத்த கைகள், மடிப்பு மடிப்பான கோட்டு. அப்படத்தைத் தலைகீழாக மேசைமேல் வைத்து, அப்படியே தலைகீழாக வரையச் சொல்கிறார். முடியும்வரை திருப்பிப் பார்த்தல் ஆகாது. 'இது மூக்கு', 'இது விரல்' என்று மனத்திற்குள்ளும் பெயர் சொல்லுதல் ஆகாது. இக்கோடு தாளின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எப்பக்கம் வளைகிறது, அடுத்த கோட்டை எங்கே தொடுகிறது என்பனவற்றையே கேட்கவேண்டும். படம் முடிந்தபின் திருப்பி வைத்தால், 'வரைய வராது' என்றவரே தம் படத்தைக் கண்டு வியந்துபோகிறார். நேராக வைத்து வரைந்திருந்தால் கோத்த விரல்கள் வாழைச்சீப்பாக ஆகியிருக்கும். தலைகீழாக வைத்ததால் விரல் என்ற சொல் எழ இடமில்லாமல் போயிற்று; விரல் மட்டும் எஞ்சியது.

இன்னொரு பயிற்சி நாற்காலியை வரையாமல், அதன் கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடங்களை வரைவது. நாற்காலிக்குப் பெயர் உண்டு. அதன் கால்களுக்கு இடையிலுள்ள கோணல் நாற்கட்டங்களுக்குப் பெயர் இல்லை. பெயரில்லாததைக் கண் உள்ளபடி காண்கிறது. வெற்றிடங்கள் சரியாக அமைந்தால் நாற்காலி தானே வந்து நிற்கிறது.

எட்வர்ட்ஸ் இதற்குச் சொன்ன காரணம், பேச்சு மூளையின் இடப்பாதிக்கு உரியது, காட்சி வலப்பாதிக்கு உரியது என்பது. மூளையின் இரு பாதிகளைப் பற்றிய ஆய்வுக்காக ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்ற காலம் அது; அக்கருத்து காட்டுத்தீயாய்ப் பரவியது. இன்றைய நரம்பியல் அத்துணை எளிய பாகப்பிரிவினையை ஏற்பதில்லை. காரணம் தளர்ந்தது, பயிற்சி தளரவில்லை. மருந்து வேலை செய்கிறது, மருத்துவர் சொன்ன விளக்கம்தான் பிழை என்பது போன்றது இது.

இங்கேதான் கவிஞர்க்கு ஓர் அச்சம் எழவேண்டும். சொல்லை அடக்கினால்தான் காட்சி தெளியும் என்றால், சொல்லையே தொழிலாகக் கொண்டவர் கதி என்ன? இவ்வச்சத்தை மிகுவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் நாடியா என்னும் சிறுமி மூன்றரை வயதில் குதிரைகளை வரைந்தாள். தன்முனைப்புக் குறைபாடு உடையவள். பேச்சு ஏறக்குறைய இல்லை. அவள் வரைந்த குதிரைகளோ பிற குழந்தைகள் வரையும் நாற்கால் பெட்டிகள் அல்ல. திரும்பும் கழுத்தும், பாயும் காலும், குறுகித் தெரியும் உடலும் கொண்டு, தேர்ந்த ஓவியரே நாணும்படி இருந்தன. லோர்னா செல்ஃப் என்னும் உளவியலார் 1977இல் அவளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பின்னர்ச் சிறப்புப் பள்ளியில் அவளுக்குப் பேச்சு ஓரளவு வந்தது. குதிரைகள் போயின. வளர்ந்தபின் அவள் வரைவதில் நாட்டமே கொள்ளவில்லை. சொல் வந்ததால் கோடு போயிற்று என்று பலர் முடிவு கட்டினர். வேறு காரணங்கள் இருக்கலாம் என்று மறுத்தோரும் உளர்.

மறுத்தோர் பக்கம் வலுவான சான்று ஒன்று நிற்கிறது. 1974இல் இலண்டனில் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயர் என்பவரும் அதே குறைபாட்டினர், சிறுவயதில் பேசாதவர். அவர் ஓயாமல் வரைவதைக் கண்ட ஆசிரியர்கள், தாளையும் பென்சிலையும் ஒளித்து வைத்தனர். கேட்டால்தான் கொடுப்பது என்று. அவர் பேசிய முதற்சொல் 'தாள்'. பின்பு நன்றாகவே பேசக் கற்றார், வரைவதும் நிற்கவில்லை. 2005இல் ஹெலிகாப்டரில் சிறிதுநேரம் டோக்கியோ நகரைச் சுற்றி வந்து, நினைவிலிருந்தே பத்து மீட்டர் நீளத்திற்கு அந்நகரை வரைந்தார். ஒருத்தியிடம் சொல் வந்தபின் கோடு போயிற்று; இன்னொருவரிடம் கோட்டின் பொருட்டே சொல் வந்தது. ஆதலின் சொல் என்றால் காட்சிக்குப் பகை என்று ஒரே அடியாகத் தள்ளிவிட இயலாது. எந்தச் சொல் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

கண்ணை வரையச் சொன்னால் பழகாத கை மீனை வரையும்: இரு வளைகோடு, நடுவே ஒரு வட்டம். எதிரே அமர்ந்திருப்பவர் கண்ணின் மேலிமை மடிப்பையும், கண்மணியின் மேற்பகுதி இமைக்குள் மறைந்திருப்பதையும் அது காண்பதில்லை. தமிழில் கவிதை எழுதுபவரின் கைக்கும் இம்மீன் நன்கு பழக்கமானது. கயல்விழி என்று எழுதியவுடன் பார்க்கும் வேலை முடிந்துவிடுகிறது. மதிமுகம், கொவ்வை இதழ், எள்ளுப்பூ நாசி எல்லாம் இவ்வாறே. டம்ளரின் வட்டமும் கவிஞரின் கயலும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் எனலாமா?

அவ்வளவு விரைந்து சொல்லலாகாது. 1914இல் அவனீந்திரநாத் தாகூர் இந்தியச் சிற்ப ஓவிய உடலமைப்புப் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். கண்ணுக்குக் கெண்டையும் மானும் தாமரை இதழும், மூக்குக்கு எள்ளுப்பூவும், முகவாய்க்கு மாங்கொட்டையும் என்று உவமைகளையே வடிவ இலக்கணமாக அதில் காட்டினார். இம்மரபில் உவமை காட்சியை மறைக்க வந்ததன்று. தெய்வ உருவத்திற்கு வேண்டும் வடிவத்தைக் கட்டுவதற்கு வந்தது. சுவாமிமலைச் சிற்பியர் தென்னை ஓலையை மடித்து அளவு கொண்டு படிமம் அமைக்கின்றனர். எதிரே யாரையும் அமர்த்திப் பார்த்துச் செய்வதில்லை. ரஸ்கினின் கள்ளமற்ற கண்ணைக் கோம்பிரிச்சும் ஏற்கவில்லை. மரபாக வந்த வடிவம் ஒன்றை முதலில் வைத்துக்கொண்டு, பிறகு அதனைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதே ஓவியர் தொழில் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் திருத்துதல் என்பதே அதன் உயிர். சிற்பிக்குக் கெண்டை ஓர் அளவு. அளவு தெரிந்து கையாள்கிறார். திருத்தாமல் கெண்டையை எடுத்து ஒட்டும் கவிஞர்க்கு அது அளவும் அன்று, காட்சியும் அன்று.

முதன்முதலில் பெண்ணின் கண்ணில் கயலைக் கண்டவர் யாரென்று தெரியாது. அவர் வடிவத்தை மட்டும் கண்டிருக்க மாட்டார். தெளிநீரில் சட்டென்று பிறழும் வெள்ளொளியைக் கண்டிருப்பார். தொல்காப்பியர் உவமை பிறக்கும் வாயில்களைச் செயல், பயன், வடிவம், நிறம் என நான்காக வகுத்ததில் செயலே முன்னிற்பதை இங்கு நினைவுகூரலாம். கயலிலிருந்து செயல் கழன்று விழுந்து வடிவம் மட்டும் எஞ்சியபோது அது தேய்ந்த காசாயிற்று.

தேயாத காசும் அதே புதையலில் கிடக்கிறது. நண்டின் கண்ணுக்குச் சங்கப் புலவர் சொன்ன உவமை வேப்பம் மொட்டு. ஐங்குறுநூற்றில் உண்டு, அகநானூற்றிலும் உண்டு. காம்பின் நுனியில் நீண்டு நிற்கும் அச்சிறு முனையைக் குனிந்து பார்த்தவரன்றி வேறு எவரும் இதனைச் சொல்லியிருக்க முடியாது. 'கண்' என்னும் பெயர் நண்டின் கண்ணையும் மீனாகவே காட்டியிருக்கும். அப்பெயரை ஒருகணம் ஒதுக்கிவைத்தார் புலவர். குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாட்டில் கபிலர், நீரில் ஆரலைப் பார்த்து நிற்கும் குருகின் காலுக்குத் தினைத்தாளைச் சொல்கிறார். சிறுமை, பசுமை, மெலிவு எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. தலைவனும் தலைவியும் தனித்திருந்தபோது அங்கே இருந்த ஒரே சாட்சி அக்குருகு. ஏமாற்றப்பட்டதாக அஞ்சும் பெண்ணுக்கு அப்போது நினைவில் நிற்பது, பறவையின் கால் நிறம்! சாட்சி சொல்லாத பறவையின் காலை அவ்வளவு உற்று நோக்கியதுதான் அவளது அச்சத்தின் அளவு. பிக்காசோ படத்தைத் தலைகீழாக வைக்காமலே கபிலர்க்கு இக்காட்சி கைவந்திருக்கிறது. சொல் இங்கே காட்சியை மூடவில்லை. காட்சி முடிந்தபின் வந்த சொல் ஆதலால்.

காட்சி முடிந்தபின் வரும் சொல்லுக்குக் காத்திருப்பது எளிதன்று. அதற்கு ஒரு விலையும் உண்டு. தமிழில் எழுதுதல் என்னும் வினை ஓவியம் தீட்டுவதற்கும் உரியது. கண்ணுக்கு மை தீட்டுவதற்கும் உரியது. திருக்குறளின் புணர்ச்சி விதும்பல் அதிகாரத்தில் தலைவி ஒருத்தி பேசுகிறாள்: மை எழுதும்போது கண்ணால் கோலைக் காண முடிவதில்லை, அதுபோலக் கணவனை நேரில் கண்டபோது அவன் குற்றம் தனக்குத் தெரிவதில்லை என்று. அன்பு மிக அருகில் வந்து காட்சியை மறைப்பதை இதைவிட நுட்பமாகச் சொல்ல இயலாது. இதற்கு நேர் எதிராக ஒன்று பிரான்சில் வெத்தே என்னும் சிற்றூரில் நடந்தது.

1879 செப்டம்பர் 5ஆம் நாள் ஓவியர் மோனேயின் மனைவி கமீய் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். மோனே அவர் கட்டிலருகே இருந்தார். மிகப் பின்னாளில் அவர் தம் நண்பர் கிளமான்சோவிடம் அந்நாளைப் பற்றிச் சொன்னார்; கிளமான்சோ அதனை எழுதி வைத்தார். அன்புக்குரிய அந்த முகத்தை நோக்கியிருந்தபோது, சாவு அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சென்ற நீலம், மஞ்சள், சாம்பல் நிறங்களின் மாறுதலைத் தம் கண் தானாகவே தொடர்ந்துகொண்டிருப்பதை மோனே திடுக்கிட்டு உணர்ந்தாராம். பிரிந்து செல்பவரின் உருவை நினைவுக்காகத் தீட்டி வைக்கவேண்டும் என்ற எண்ணம் எழுவதற்கு முன்பே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. எந்திரக்கல்லைச் சுற்றிச் சுற்றி இழுக்கும் விலங்கோடு அவர் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். 'மனைவி' என்னும் சொல்லும், 'சாவு' என்னும் சொல்லும் வருமுன் நிறம் வந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் விரும்பிப் பெற்ற பயிற்சி, வேண்டாத நேரத்தில் தன் பயனைக் காட்டியது.

அவர் தீட்டிய ஓவியம் இப்போது பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. முகத்திற்கும் அதனைச் சுற்றிய துணிக்கும் இடையே கூர்மையான எல்லைக்கோடு எதுவும் அதில் இல்லை. நீலமும் சாம்பலும் ஊதாவும் சாய்வான தீற்றல்களாக மழைபோல் இறங்குகின்றன. சற்று விலகி நின்று பார்த்தால், அத்தீற்றல்களின் அடியில் மூடிய இமைகளும் இலேசாகத் திறந்த வாயும் தெரிகின்றன.